பாதி அவர்களுக்கு, பாதி எங்களுக்கு: நம் தீவுக்கு வந்து சேர்ந்த இங்கிலீசின் கதை



நம் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

ஆனி மாதம் வந்தால் குறிகட்டுவான் துறையில் கால் வைக்க இடமிருக்காது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருவோர், நாகவிகாரைக்கு வருவோர், பிறந்த மண்ணைப் பிள்ளைகளுக்குக் காட்ட வருவோர் என்று லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி எல்லாம் ஒரே படகில் ஏறும். அவர்களோடு ஒரு சண்டையும் வருடாவருடம் வந்து இறங்குகிறது. யாருடைய இங்கிலீசு சரி என்பதுதான் அந்தச் சண்டை.

ரொறன்ரோ மச்சாள் தன் காற்சட்டையைப் 'பான்ற்ஸ்' என்பாள். லண்டன் மச்சாளுக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் அவள் ஊரில் அது உள்ளாடை. ஒருத்திக்கு 'வோஷ்றூம்', மற்றவளுக்கு 'ரொய்லெற்'. இதுவரை விளையாட்டுத்தான். இங்குள்ள பிள்ளை 'பஸ் ஹோல்ற்' என்றோ 'ஓஃப் த லைற்' என்றோ சொன்னதும், அதுவரை தங்களுக்குள் சண்டை போட்டவர்கள் ஒன்றுசேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு விடுமுறை முடியும்வரை இங்கிலீசில் வாய் திறப்பதில்லை. சில பிள்ளைகள் விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்த பிறகும் திறப்பதில்லை. ஆசிரியர்களான நாம் அதைக் கண்ணால் காண்கிறோம். இந்தப் பதிவு அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

நம் வாயில் இருக்கும் இங்கிலீசு எங்கிருந்து, எப்படி வந்தது என்ற வரலாறு தெரிந்தால் சிரிப்பவரும் கொஞ்சம் யோசிப்பார், சிரிக்கப்படுபவரும் தலை நிமிர்வார் என்பது எங்கள் எண்ணம்.

கல்லில் எழுதிய கணக்கு

அம்மன் கோயிலில் உள்ள பழைய தமிழ்க் கல்வெட்டை ஊரில் பலரும் பார்த்திருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் கல்வெட்டு அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்கும் அந்நியருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

சிங்கள நாட்டு மன்னன் ஒருவன் வெளிநாட்டு வணிகருக்காகத் தமிழில் எழுதுவித்த ஆணை, நம் சின்னத் தீவில் நிற்கிறது. வந்தவனை விரட்டாதே, வந்த பொருளை முழுக்க உன்னுடையது என்றும் சொல்லாதே, பங்கு பிரித்துக்கொள் என்பது அதன் நியாயம். மொழியிலும் நம் கரையில் நடந்தது ஏறத்தாழ இதுதான். கப்பலில் வந்த சொல்லில் பாதி அவர்களுடையதாக இருந்தது, பாதியை நாங்கள் எங்களுடையது ஆக்கிக்கொண்டோம்.

இங்கிலீசுக்கு முன் வந்தவர்கள்

வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி, துவாய், லேஞ்சி, சப்பாத்து, பாண். இவையெல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. லாச்சி, போஞ்சி, கந்தோர், நொத்தாரிசு ஆகியவை ஒல்லாந்தர் விட்டுப்போனவை. ரொறன்ரோக்காரி 'வோஷ்றூம்' என்றும் லண்டன்காரி 'ரொய்லெற்' என்றும் சண்டை பிடிக்கும் அதே இடத்துக்கு நம் அப்பு ஆச்சி சொன்ன 'கக்கூசு'கூட ஒல்லாந்துச் சொல்தான். ஐரோப்பியச் சொல்லை வைத்து ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதானால், நம் ஆச்சிமாருக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும்.

ஊர்ப் பெயர்களும் அப்படியே. ஊர்காவற்றுறையின் 'கயிற்ஸ்' என்ற இங்கிலீசுப் பெயர் துறைமுக மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயரை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்ரர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ப்ற். நம் நயினாதீவு ஹார்லெம். நியூயோர்க் நகரில் புகழ்பெற்ற ஹார்லெமும் அதே ஒல்லாந்து ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களில் மக்கள் வாயில் உயிரோடு தங்கியது 'டெல்ப்ற்' ஒன்றுதான். மற்றவற்றை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. எது தங்கும், எது போகும் என்பதைக் கடைசியில் பேசுகிற சனம்தான் முடிவு செய்கிறது.

இங்கிலீசுக்குள் நம் சொற்களும் போயிருக்கின்றன. கட்டுமரம் 'கற்றமறான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, கறி 'கறி'யாகவே போனது, மிளகுத்தண்ணி 'மல்லிகற்றோனி' என்ற சூப் ஆனது. 1886இல் யூல், பேர்னல் என்ற இருவர் இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற பெரிய அகராதியே போட்டார்கள். 'பூட்டிக்' என்ற சொல் இலங்கையில் சின்னக் கடையைக் குறிக்கிறது என்று அதில் இருக்கிறது. அது போர்த்துக்கேயர் வழியாக இங்கே வந்த சொல். பழைய இலங்கை இங்கிலீசில் 'ரீ பூட்டிக்' என்றால் வாழைக்குலை தொங்கும் தேத்தண்ணிக் கடை. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போன அதன் உடன்பிறப்பு விலை கூடிய உடுப்புக் கடையாகிவிட்டது. லண்டன் உறவு ஒருவரிடம் 'பூட்டிக்கில் பிளேன்ரீ குடித்தோம்' என்று சொல்லிப் பாருங்கள், திகைத்துப் போவார். அதில் பிழை யார் பக்கமும் இல்லை.

இரண்டு இங்கிலீசு வந்த குடாநாடு

பலர் கவனிக்காத ஒரு விடயம். யாழ்ப்பாணத்துக்கு வந்தது ஒரு இங்கிலீசு இல்லை, இரண்டு. ஆட்சி செய்தவர்கள் பிரித்தானியர். ஆனால் 1816இல் இங்கே வந்து வேலை தொடங்கியது அமெரிக்க மிஷன். 1823இல் வட்டுக்கோட்டைக் குருமடத்தையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் ஆரம்பித்தவர்கள் அமெரிக்கர்கள். 1841இல் தமிழும் இங்கிலீசுமாக 'உதயதாரகை'யை வெளியிட்டவர்களும் அவர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்கர்களே தங்கள் இங்கிலீசைப் பற்றித் தலைநிமிரத் தொடங்கியிருந்தார்கள். லண்டன் எழுத்து மட்டும்தான் சரி என்பதை ஏற்காத நோவா வெப்ஸ்ரர் 1828இல் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். 'கலர்' என்ற சொல்லில் ஒரு எழுத்தைக் குறைத்ததும், 'சென்ரர்' என்பதன் கடைசி இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டதும் அந்த அகராதியால் நிலைபெற்றவை. லண்டன்காரருக்கு அன்று அது பிழை. இன்று உலகில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கனடாக்காரர் 'கலர்' என்பதைப் பிரித்தானிய முறையிலும், வண்டியின் 'ரயர்' என்பதை அமெரிக்க முறையிலும் எழுதுகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நாடும் பணமும் பின்னால் நின்றால் பிழையும் வழக்காகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கந்தோர்க் கடிதத்தில் வந்தவை

இங்கிலீசு படித்த நம் பகுதி ஆட்கள் கொழும்புக் கந்தோர்களுக்கும், மலாயாவின் ரயில்வேக்கும் அரச அலுவலகங்களுக்கும் இலிகிதர்களாகப் போனார்கள். அவர்கள் கற்ற இங்கிலீசு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதும் இங்கிலீசு. 'கைன்ட்லி டூ த நீட்ஃபுள்' என்று இன்றும் எங்கள் கடிதங்கள் முடிகின்றன. லண்டனில் படித்தவர்கள் இதைக் கண்டால் தலையில் கை வைக்கிறார்கள். ஆனால் இது எங்கள் கண்டுபிடிப்பே அல்ல. அவர்களின் பாட்டன்மார் தங்கள் கடிதங்களில் எழுதிய தொடர்தான். அவர்கள் பழக்கத்தை விட்டார்கள், இங்கும் இந்தியாவிலும் அது தங்கிவிட்டது. 'அவுட் ஒஃப் ஸ்ரேஷன்' என்பதும் அப்படித்தான். ஆங்கிலேய அதிகாரிகள் தங்கியிருந்த இடத்துக்கு 'ஸ்ரேஷன்' என்று பெயர், அதைவிட்டு வெளியூர் போனால் 'அவுட்'.

'ஹோல்ற்' கதையும் இதுதான். பிரித்தானியாவில் சின்ன ரயில் தரிப்பிடத்தை அப்படி அழைத்தார்கள். இலங்கையில் அது பஸ்ஸுக்கு மாறி நிலைத்துவிட்டது. 'ஷோர்ட் ஈற்ஸ்' என்று ரோல்ஸையும் பற்றிஸையும் நாம் அழைப்பது வேறு நாட்டவருக்கு விளங்காது. மைக்கல் மெய்லர் என்ற ஆங்கிலேயர் 2007இல் வெளியிட்ட இலங்கை ஆங்கில அகராதியில் இத்தகைய சொற்கள் மரியாதையோடு பதிவாகியிருக்கின்றன. பக்கத்து நாட்டில் 'போஸ்ற்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாகப் புழங்கும் 'பிறிபோன்' இன்று ஒக்ஸ்போர்ட் அகராதியிலேயே இருக்கிறது.

தமிழில் யோசித்து இங்கிலீசில் சொல்வது

இன்னொரு வகை உண்டு. சொல் அவர்களுடையது, எண்ணம் எங்களுடையது.

'கசின் பிறதர்' என்று பிள்ளை எழுதினால், 'கசின்' போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. பெரிய வாப்பாவின் மகன் எனக்கு நானா, மாமாவின் மகன் மச்சான். நம் அயலில் பெரியப்பா மகன் அண்ணன், மாமா மகன் மச்சான். இரண்டு உறவுக்கும் இரண்டு மரியாதை, இரண்டு முறை. இங்கிலீசு இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. அந்தப் பிள்ளை சாக்கை அவிழ்த்து, இவன் சகோதர முறை என்று சொல்லப் பார்க்கிறது. சாச்சா, மாமா, சித்தப்பா எல்லாரையும் 'அங்கிள்' என்று ஒன்றாக்கியபோது நாம் இழந்ததைக் 'கசின் பிறதர்' கொஞ்சம் மீட்டுத் தருகிறது.

அடுத்து, 'ஐ வில் கோ அண்ட் கம்'. அதிகம் சிரிக்கப்படுவது இதுதான் என்று நினைக்கிறோம். இங்கிலீசுக்காரர் 'ஐ ஆம் கோயிங்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நம் வீடுகளில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை. சொன்னால் உம்மா அடிக்க வருவா, அம்மாவும்தான். 'போயிட்டு வாறன்' என்பதுதான் முறை. கடலைத் தாண்டித்தான் ஆசுபத்திரிக்கும் கந்தோருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போக வேண்டிய தீவில், போனவர் எல்லாரும் திரும்பி வராத காலங்களைப் பார்த்த தீவில், அந்த 'வாறன்' சும்மா ஒரு சொல் இல்லை. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தன் வீட்டுப் பழக்கத்தை இங்கிலீசுக்குள்ளும் கொண்டு போயிருக்கிறது.

ரீயா, டீயா?

சொல்லைவிட உச்சரிப்பைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் டீச்சர், டிக்கெட், டாக்டர், ஆபீஸ், காலேஜ். நம்மிடம் ரீச்சர், ரிக்கெற், டொக்டர், ஒபிஸ், கொலிஜ். அவர்கள் 'காபி' என்பது நமக்குக் கோப்பி. நாம் 'கொப்பி' என்றால் அவர்களுக்கு அது நோட்டு. தமிழ்நாட்டுப் படங்களும் சீரியல்களும் பார்த்து வளரும் பிள்ளைகள் நம்முடையது பட்டிக்காட்டு முறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

காரணம் எளிது. 'வெற்றி' என்ற சொல்லை யாழ்ப்பாணத்தார் சொல்லும்போது வரும் 'ற்ற' ஒலி, நாக்கு நுனி மேற்பல்லின் பின்னால் உள்ள ஈறைத் தொட்டு வருவது. இங்கிலீசின் 'ரீ' எழுத்து ஒலியும் அங்கேதான் பிறக்கிறது. தமிழ்நாட்டில் 'ற்ற' பெரும்பாலும் 'ற்ர' என்று உருண்டுவிட்டதால், அவர்கள் நாக்கை மடித்துச் சொல்லும் 'ட'வை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் வாயில் இருந்த கிட்டிய ஒலியை அவரவர் எடுத்தார்கள், அவ்வளவுதான். இதில் பட்டிக்காடு எங்கே இருக்கிறது?

நம் நாட்டுக்குள்ளேயே இந்தச் சிரிப்பு ஆயுதமாக இருந்திருக்கிறது. 'ஹோல்', 'நொட்' போன்ற சொற்களில் வரும் ஒகர ஒலிகளைக் கொழும்பின் மேல்தட்டு போலச் சொல்லாதவர்களை 'நொட் பொட்' ஆட்கள் என்று கேலி செய்தார்கள். சிங்களக் கிராமங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர்கள் இங்கிலீசுக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர் அது. வடக்கில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும், தெற்கில் ஒரு சிங்களப் பிள்ளைக்கும், கிழக்கில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கும் ஒரே வாள்தான் கழுத்தில் இருந்தது.

2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அறிவித்தது. 'நம் வழியில் இங்கிலீசு பேசுவோம்' என்ற கருத்து அப்போது முன்வைக்கப்பட்டது. தரம் கெட்டுவிடும் என்று சிலர் எதிர்த்தார்கள், பயம் போகும் என்று சிலர் வரவேற்றார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

நம் சமூகத்துக்குள் ஒரு வார்த்தை

முஸ்லிம்களாகிய நாம் இங்கிலீசுக்குப் பிந்தி வந்தவர்கள். அக்காலத்து இங்கிலீசுப் பாடசாலைகள் பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்ததால், மார்க்கம் போய்விடுமோ என்று நம் முன்னோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, மார்க்கத்தையும் தமிழையும் விடாமலே இங்கிலீசையும் படிக்கலாம் என்று வாதாடினார். அந்த முயற்சிகளின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் கொழும்பில் ஸாஹிறாக் கல்லூரி பிறந்தது.

இப்போது வேறொரு தயக்கம் கைத்தொலைபேசியில் சுற்றுகிறது. 'மொஸ்க்' என்று சொல்லாதீர்கள், அது நுளம்பைக் குறிக்கும் 'மொஸ்கிற்றோ'விலிருந்து நம்மை இழிவுபடுத்த உண்டாக்கிய சொல் என்று ஒரு செய்தி. அது உண்மை இல்லை. 'மஸ்ஜித்' என்ற அரபுச் சொல் ஸ்பானிய மொழியில் 'மெஸ்கீத்தா' ஆகி, இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக இங்கிலீசில் 'மொஸ்க்' ஆனது. நுளம்பின் பெயர் ஈயைக் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து வந்தது. 'மஸ்ஜித்' என்று சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், அழகான சொல். ஆனால் இல்லாத இழிவைக் காட்டிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். நாமே அன்றாடம் சொல்லும் 'பள்ளி'யைப் பாருங்கள். பௌத்த, சமணத் துறவிகள் தங்கிய இடத்துக்கும் ஒரு காலத்தில் அதே பெயர்தான். இன்று அதில் தொழுகிறோம், பள்ளிக்கூடம் என்று அதில் படிக்கிறோம்.

அப்படியானால் எல்லாமே சரியா?

இல்லை. ஆசிரியர்கள் என்ற முறையில் இதையும் நேராகச் சொல்ல வேண்டும். 'டிஸ்கஸ் எபவுட்', 'றிப்ளை பாக்', 'ஐ ஆம் ஹாவிங் ரூ பிறதர்ஸ்' போன்றவற்றைச் சாதாரண தரப் பரீட்சைத் தாளில் எழுதினால் புள்ளி போகும். இலங்கையில் 'பாஸ் அவுட்' என்றால் படிப்பை முடித்து வெளியேறுவது. லண்டனில் அதைக் கேட்டவர் மயங்கி விழுந்ததாகத்தான் விளங்குவார். நேர்முகப் பரீட்சையிலோ வெளிநாட்டு ஆசுபத்திரியிலோ இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் நட்டம் நமக்குத்தான்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் சொல்வது இதுதான். பரீட்சைக்கு ஒரு இங்கிலீசு, கந்தோருக்கு ஒரு இங்கிலீசு, துறைமுகத்துக்கு ஒரு இங்கிலீசு. மூன்றையும் படியுங்கள். எங்கே எதை எடுப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவதை விட்டால்தான் முதலாவது வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நாளும் பேசிப் பழகாமல் வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு எந்த இங்கிலீசும் வராது.

வெளிநாட்டு உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இங்கே வந்து தமிழில் தடுமாறும்போது, 'நான் வந்தது நேற்று படகு' என்று சொல்லும்போது, ஊர்ச் சனம் அதைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறது. அதே பொறுமையை இங்குள்ள பிள்ளையின் இங்கிலீசுக்கும் கொடுங்கள். பிழை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுங்கள். அவர்களோடு இங்கிலீசில் பேசிப் பழக ஊரில் வேறு ஆட்கள் குறைவு. ஒரு விடுமுறையில் நீங்கள் கொடுக்கும் பயிற்சி, எங்கள் ஒரு தவணைப் பாடத்துக்குச் சமம்.

கடைசியாக ஊர்ப் பெரியவர்களிடம். உங்கள் அப்பு ஆச்சி, மூத்தப்பா மூத்தம்மா பேசிய பறங்கிச் சொல், ஒல்லாந்துச் சொல், மலாயாவிலிருந்து கொண்டுவந்த சொல் எது நினைவில் இருந்தாலும் கீழே எழுதுங்கள். கோயிலடி, விகாரையடி, பள்ளியடி என்று பாராமல் எல்லாரும் எழுதுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் தொகுப்பிக்கலாம் என்று இருக்கிறோம்.

சரி, இப்போதைக்குப் போயிட்டு வாறம்.